நிக்டி டயர் கடையும் எக்ஸ்பிரஸ்வேயும்

புனேக்குப் பக்கத்திலுள்ள நிக்டியின் மக்கள் டயர் வாங்கும் விதம் மாறியதற்கு யார் காரணம் என்று கேட்டால், பலர் கம்பெனிகளையும் விளம்பரங்களையும் சொல்வார்கள். நான் ஒரு சாலையைச் சொல்வேன். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கிவளேயில் வந்து முடிகிறது மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே. 2002இல் அது முழுதாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய டயர் கடையையும் பிந்தைய கடையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே தொழில்தானா என்று சந்தேகம் வரும்.

அதற்கு முன்பு இங்கே இருந்தது ஒரே பெரிய சாலை, மும்பையையும் சென்னையையும் இணைத்த தேசிய நெடுஞ்சாலை எண் 4. பிம்ப்ரியில் 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பிறகு டாடாவின் டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ் என்று ஆலைகள் வரிசைகட்டின. வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க 1972இல் நவநகர் வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள். நிக்டியில் பாதியை மக்கள் இன்றும் பிராதிகரண், அதாவது ஆணையம், என்றே சொல்வது அதனால்தான். அந்த வீடுகளின் வாசலில் நின்றவை பெரும்பாலும் ஸ்கூட்டர்கள். ஆகவே நெடுஞ்சாலையோர டயர் கடை லாரிக்காரனை நம்பிப் பிழைத்தது. 'ஹவா' (காற்று) என்று எழுதிய பழைய டயரைக் கம்பத்தில் மாட்டிவைத்து, ஒரு கம்ப்ரெசரும் வல்கனைசிங் அடுப்பும் வைத்திருப்பார்கள். அங்கே கார்க்காரர் எப்போதாவது வரும் விருந்தாளி.

அந்த விருந்தாளிக்குப் பரிமாற அதிகம் இருந்ததில்லை. பிரீமியர் பத்மினி என்றால் 5.20-14, அம்பாசடர் என்றால் 5.90-15. டன்லப், குட்இயர், சியட், எம்ஆர்எஃப் என்று நாலைந்து பெயர்கள். அவற்றில் எது கடையில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பிடித்த கம்பெனி. எல்லாமே நைலான் இழைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிய டயர்கள், உள்ளே டியூப். மேற்கு வங்கத்து சாஹாகஞ்சிலிருந்தோ மதராஸிலிருந்தோ வந்த சரக்கு நகர எல்லைச் சாவடியில் ஜகாத் என்கிற ஆக்ட்ராய் நுழைவு வரியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே நுழையும். ஜகாத் வருமானத்தாலேயே பணக்கார மாநகராட்சி என்று பேர் வாங்கியது நிக்டி அடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட். 2013இல்தான் அந்த வரி இங்கே ஒழிந்தது.

அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துக்குப் புது டயர் என்பது கடைசி வழி. எவ்வளவு நாள் வாங்காமல் தள்ளுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருந்தது. முன் டயரைப் பின்னுக்கு மாற்றுவார்கள், ஸ்டெப்னியை இறக்குவார்கள். பக்கம் கிழிந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டை அண்டக்கொடுத்து, டியூபுக்கு நாலு ஒட்டுப் போட்டு ஓட்டுவார்கள். பட்டன் என்கிற டிரெட் முழுக்கத் தேய்ந்து மொட்டையானால் ரீட்ரெடிங்குக்குப் போகும். இது ஏதோ ஓரத்தில் நடந்த சில்லறை வியாபாரம் இல்லை. மதராஸில் பலூன் செய்துகொண்டிருந்த எம்ஆர்எஃப், 1952இல் டயர் உலகுக்குள் காலெடுத்து வைத்ததே மொட்டை டயருக்குப் போடும் டிரெட் ரப்பரை வைத்துத்தான். முழு டயர் செய்யத் தொடங்க 1961 ஆயிற்று.

இத்தனை ஒட்டுப் போட்டும் பெரும்பாலும் ஆபத்தில்லாமல் ஓடியதற்குக் காரணம் டயரின் தரமில்லை, வேகமின்மை. பழைய சாலையின் போர்காட் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பத்மினிக்கு டியூப் போனால், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓரங்கட்டி, ஜாக்கி போட்டு, ஸ்டெப்னி மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு லோணாவளாவில் சிக்கி வாங்கிவிட்டுக் கிளம்பலாம். டயர் சொதப்பினால் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

எக்ஸ்பிரஸ்வே இந்தக் கணக்கை உடைத்தது. பெரும்பகுதி கான்கிரீட், குறுக்கே சிக்னல் இல்லை, சமவெளியில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் சராசரிக் காரின் சக்கரம் நிமிடத்துக்கு 800, 900 சுற்றுச் சுற்றும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும், சூட்டில் ரப்பருக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு விடும், பிறகு வெடிக்கும். குறுக்கு நைலான் டயரில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் சூடு இன்னும் அதிகம். டியூப் குத்துப்பட்டால் காற்று ரிம் வழியாகச் சட்டென்று வெளியேறிவிடும். ஊருக்குள் பத்து வருடம் உழைத்த ஒட்டு டயர் இந்தச் சாலையில் அரை மணி நேரம் தாங்குமா என்று யாரும் பந்தயம் கட்ட முடியாது.

ரேடியல் அதற்கு முன்பே இருந்தது என்பது உண்மை. மிஷ்லின் 1946இலேயே காப்புரிமை எடுத்தது, இந்தியாவில் ஜேகே 1977இல் ரேடியல் தயாரித்தது. ஆனாலும் குண்டும் குழியுமான சாலைக்கு அந்த மெல்லிய பக்கச்சுவர் ஆகாது, விலையும் கூடுதல் என்று காலம் ஓடியது. மாருதி வந்து, நல்ல சாலையும் வந்த பிறகுதான் கார் டயரில் ரேடியல் பொதுவானது, அதன் பின்னால் டியூப்லெஸ்ஸும். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று ஆணியின் ஓரமாகக் கசியும், வண்டியை ஓரங்கட்ட அவகாசம் தரும். எக்ஸ்பிரஸ்வேயில் போகிறவனுக்கு அந்த அவகாசம்தான் உயிர்.

இன்றைய கடைக்குள் வாருங்கள். கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க டயர், கம்ப்யூட்டர் அலைன்மென்ட், பேலன்சிங் மெஷின். பிரிட்ஜ்ஸ்டோன் 2013இல் பக்கத்துச் சாகணிலேயே ஆலை திறந்துவிட்டது. முன்பு மூன்று மாநிலம் தாண்டி வந்த சரக்கு இன்று அடுத்த தாலுகாவில் உருவாகிறது. வாடிக்கையாளரும் மாறிவிட்டார். முன்பு கடைக்காரப் பெரியவர் விரலால் தடவி "இன்னும் ஐயாயிரம் ஓடும்" என்றால் அதுதான் தீர்ப்பு. இன்று வாங்க வருபவர் குனிந்து பக்கச்சுவரைப் படிக்கிறார். 165/80 R14 85T என்றால் அகலம், பக்க உயரத்தின் விகிதம், ரேடியல், ரிம் அளவு, சுமை, வேகம். கடைசி T என்பது 190 கிலோமீட்டர் வரை என்று பொருள். பிறகு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கத்தைத் தேடுகிறார். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. அது ஒரு வருடம் பழசாக இருந்தால் உடனே பேரம் தொடங்கிவிடும்.

பேரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு கம்பெனி விலையைக் கேட்டுவிட்டோம் என்று நாம் மார்தட்டலாம். கம்பெனிகளே பேசிவைத்து விலை ஏற்றியதாக இந்தியப் போட்டி ஆணையம் எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே, பிர்லா ஆகிய ஐந்துக்கும் சேர்த்து 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. கம்பெனிகள் மறுத்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. பில்லில் உறுதியாகக் குறைந்தது வரி மட்டும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை விலை 5,000 ரூபாய் உள்ள டயர் ஒன்றுக்கு 500 ரூபாய் மிச்சம், நாலு மாற்றினால் 2,000.

மிச்சம் பிடித்ததை அங்கேயே செலவழிக்கவும் வழி உண்டு. நைட்ரஜன் அடிக்கட்டுமா என்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சும்மா அடித்தால் அடித்துக்கொள்ளலாம். காசு கேட்டால் அலைன்மென்டுக்குக் கொடுப்பேன், அது கோணினால் புது டயரின் ஒரு விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்ந்துவிடும்.

ஸ்டெப்னியும் போய்க்கொண்டிருக்கிறது. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பங்சர் கிட்டும் இருந்தால் டியூப்லெஸ் கார்களுக்கு உபரி சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் விதியைத் திருத்தினார்கள். நிக்டியிலிருந்து சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி வழியாகக் கோடை விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கு வண்டி ஓட்டும் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு இது நல்ல செய்தியாக எனக்குப் படவில்லை. ஆணிக்குத்துக்குக் கிட் போதும், பக்கச்சுவர் கிழிந்தால் அதை வைத்து என்ன செய்வது?

கழற்றிய பழைய டயர் எங்கே போகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கார் டயருக்கு ரீட்ரெடிங் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. லாரி டயருக்குத்தான் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. தேய்ந்த டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையிலேயே 2022இல் சட்டம் கட்டிவிட்டது. ஆனால் எல்லாமே மறுசுழற்சிக்குப் போவதில்லை. பட்டன் கொஞ்சம் மீதமுள்ளவை கழுவிக் கறுப்பு பூசப்பட்டு, செகண்ட் ஹேண்ட் கடையின் அடுக்கில் ஏறிவிடும். மாதத் தவணை கட்டி ஓட்டும் டாக்ஸிக்காரர் அங்கேதான் வருகிறார், தொண்ணூறுகளின் பத்மினிக்காரர் செய்த அதே கணக்கைப் போடுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும். மும்பை–நாக்பூர் சம்ருத்தி எக்ஸ்பிரஸ்வேயில் 2023இல் விபத்துகள் பெருகியபோது, மொட்டை டயரோடு வந்த வண்டிகளை நுழைவாயிலிலேயே தடுத்துத் திருப்பினார்கள். அந்தச் சோதனையைக் கிவளே பக்கமும் ஜூன் மழைக்கு முன் வருடந்தோறும் வைக்கலாம். வைத்தால் செகண்ட் ஹேண்ட் அடுக்கில் பாதி காலியாகும். அந்த டாக்ஸிக்காரருக்குப் புது டயரைத் தவணையில் தர எந்தக் கடைக்காரராவது முன்வர வேண்டியிருக்கும்.