உலாவியின் வாயிற்காவல்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை மாணாக்கர் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தையும் வங்கிக் கணக்கையும் ஒரே உலாவியிற் காண்கின்றார். ஒரு தளம் மற்றொன்றன் கடவுச்சொல்லைக் கவராதிருப்பது எங்ஙனம்?

தமிழரான சுந்தர் பிச்சை பங்கேற்று உருவாகி 2008-இல் வெளிவந்த குரோம் உலாவியிற் பக்கத்தை வரையும் பகுதி வேறு. கோப்புகளையும் கடவுச்சொற்களையும் ஆளும் பகுதி வேறு. அயலார் எழுதிய நிரல் முன்னதில் ஓடுதலின் அது நம்பத்தக்கதன்று. அது பின்னதிடம் யாது கேட்கலாம் என்பதை 'மோஜோ' எனும் இடைமுக வரையறைகள் வகுக்கின்றன. வரையறை செய்தியின் வடிவையே காக்கும்; கேட்பதற்கு உரிமையுண்டோ என்பதைப் பெறும் பகுதியே ஒவ்வொரு முறையும் ஆராய்தல் வேண்டும். ஆகவே வரையறையில் ஒரு வரி மாறினும் பாதுகாப்பு ஆய்வாளர் இசைவின்றி அஃது ஏற்கப்படாது.

மலையடிச் சோதனைச்சாவடியிற் பழகிய வண்டியாயினும் சீட்டைக் கேட்பரன்றோ? அவ்விழிப்பே ஈண்டும் காவலாம்.