சமூக ஊடகச் செல்வாக்கு மதிப்பெண்ணும் வணிகப் பயனும்: பாகான் செராய் வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

1.0 முன்னுரை

விளம்பரத்திற்குச் செலவிடும் பணம் உரிய மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது வணிகர் அனைவரின் எதிர்பார்ப்பாகும். நாளேடும் வானொலியும் முதன்மை பெற்றிருந்த காலத்தில் விற்பனைப் படிகளின் எண்ணிக்கையும் நேயர் எண்ணிக்கையும் இதற்கு அளவுகோல்களாக அமைந்தன. சமூக ஊடகங்கள் பரவிய பின்னர், தனிமனிதர் ஒருவரின் செல்வாக்கையே எண்ணாக்கிக் காட்டும் முறை தோன்றியது. அதுவே செல்வாக்கு மதிப்பெண் எனப்படுகிறது.

இம்மதிப்பெண் எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது, வணிகர் அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். வட பேராக்கில் கிரியான் மாவட்டத்தில் அமைந்துள்ள பாகான் செராய் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. பெருநிறுவனம் ஒன்று தவறான கணிப்பினால் இழப்பது அதன் விளம்பர நிதியின் ஒரு சிறு பகுதியே. சிறுநகரத்துக் கடைக்காரர் இழப்பதோ ஒரு தீபாவளிப் பருவத்தின் முதலீடாக இருக்கக்கூடும். ஆகவே, இவ்வினா சிறு வணிகருக்கே மிகுதியும் உரியது எனலாம்.

2.0 செல்வாக்கு மதிப்பெண்ணின் தோற்றமும் மறைவும்

இத்துறையில் பெரிதும் அறியப்பட்டது கிளவுட் என்னும் அமெரிக்க நிறுவனமாகும். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், சமூக ஊடகப் பயனர் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வழங்கியது. ஒருவருடைய பதிவுகள் எத்தனை முறை மறுபகிர்வு பெற்றன, எத்தனை பேர் மறுமொழி கூறினர், அவ்வாறு கூறியவர்களின் செல்வாக்கு எத்தகையது என்பன போன்ற குறிப்புகளைத் திரட்டி இம்மதிப்பெண் கணிக்கப்பட்டது. 2009இல் இலண்டனில் தோன்றிய பியர்இண்டெக்ஸ், 2011இல் தோன்றிய கிரெட் ஆகியனவும் இதே வழியைப் பின்பற்றின.

வணிக நிறுவனங்கள் இம்மதிப்பெண்ணை உடனே பயன்படுத்தத் தலைப்பட்டன. 2010இல் வெர்ஜின் அமெரிக்கா விமான நிறுவனம் தன் தொரொந்தோ வழித்தடத்தை அறிமுகப்படுத்தும்பொருட்டு, உயர்ந்த மதிப்பெண் பெற்றோர்க்கு இலவசப் பயணம் வழங்கியது. 2012இல் கேத்தே பசிபிக் நிறுவனம், 40உம் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றவர்களைச் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் உள்ள தன் ஓய்வுக்கூடத்திற்குள் அனுமதித்தது.

எனினும், அளவுகோலின் உறுதி விரைவிலேயே ஐயத்திற்கு உள்ளாயிற்று. 2011 அக்டோபரில் கணிப்பு முறை மாற்றப்பட்டபோது பலருடைய மதிப்பெண் ஒரே நாளில் சரிந்தது. அவர்கள் எழுதியதிலோ அவர்களைப் படித்தவர்களிலோ எம்மாற்றமும் நிகழவில்லை. இளம் பாடகர் ஜஸ்டின் பீபர் முழு மதிப்பெண்ணாகிய 100ஐப் பெற்றிருந்த வேளையில், அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அவருக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தார். 2012 ஆகஸ்டில் நூற்றுக்கும் குறைவாக இருந்த குறிப்புகள் நானூற்றுக்கும் மேலாக உயர்த்தப்பட்ட பின்னரே ஒபாமா முந்தினார். அளக்கப்படும் பொருள் மாறாதிருக்க, அளவுகோல் மாறியதனால் மட்டுமே விடை மாறியது என்பது இதனால் புலனாகிறது.

2014இல் லித்தியம் டெக்னாலஜிஸ் நிறுவனம் கிளவுட்டை வாங்கியது. 2018 மே 25ஆம் நாள் அச்சேவை மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான்.

கிளவுட் மறைந்தாலும் அதன் கருத்து மறையவில்லை. பின்தொடர்வோர் எண்ணிக்கை, ஒரு பதிவுக்குக் கிடைக்கும் எதிர்வினை விழுக்காடு, ஹைப்ஆடிட்டர் போன்ற நிறுவனங்கள் வழங்கும் நேயர்தர மதிப்பெண் என இன்றும் அது வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது.

3.0 ஆய்வுகள் காட்டும் உண்மைகள்

செல்வாக்குப் பற்றிய ஆய்வு சமூக ஊடகத்தோடு தொடங்கியதன்று. எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஆகிய இருவரும் அமெரிக்காவின் டெக்காட்டர் நகரத்துப் பெண்களிடையே நடத்திய ஆய்வு 1955இல் நூலாக வெளிவந்தது. வீட்டுப் பொருள் வாங்குதல், உடை, திரைப்படம், பொது விவகாரம் ஆகிய நான்கு துறைகளில் அப்பெண்கள் யாருடைய கருத்தைக் கேட்டு முடிவெடுத்தனர் என்பதை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரு துறையில் வழிகாட்டியாக விளங்குபவர் மற்றொரு துறையிலும் அவ்வாறே விளங்குவார் என்பதில்லை என்பதும், வழிகாட்டிகள் சமுதாயத்தின் எல்லா நிலைகளிலும் காணப்படுகின்றனர் என்பதும் அவ்வாய்வு தந்த முடிவுகளாகும். ஒருவருக்கு ஒரே மதிப்பெண் என்னும் முறை இதற்கு நேர்மாறானது.

2010இல் மியோங் சா முதலிய ஆய்வாளர்கள் டுவிட்டரில் 5 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தனர். பின்தொடர்வோர் எண்ணிக்கை, மறுபகிர்வு, பெயர் குறிப்பிடப்படுதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, பின்தொடர்வோரை மிகுதியாகப் பெற்றவர்கள் மறுபகிர்விலும் முன்னிற்கவில்லை என்பது தெரியவந்தது. 2011இல் பக்ஷி, வாட்ஸ் முதலியோர் 16 இலட்சம் பயனர்களைக் கொண்டு செய்த ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. முன்னர்ச் செல்வாக்குப் பெற்றிருந்தோர் சராசரியில் மீண்டும் செல்வாக்குப் பெறுகின்றனர். ஆயினும், எந்த ஒருவருடைய எந்தப் பதிவு பரவும் என்பதை முன்கூட்டியே கணிப்பது அரிது. ஆகவே, புகழ்பெற்ற ஒருவருக்குப் பெருந்தொகை கொடுப்பதைக் காட்டிலும், நடுத்தர அளவில் அல்லது அதற்கும் குறைவாகச் செல்வாக்குடைய பலரை நாடுவது சில சூழல்களில் சிக்கனமானது என அவர்கள் கூறினர்.

மதிப்பெண் பணமாகும்போது அதனைப் போலியாக உருவாக்கும் முயற்சியும் தோன்றுகிறது. போலிப் பின்தொடர்வோரை விற்ற தெவூமி என்னும் நிறுவனத்தின்மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2019இல் நடவடிக்கை எடுத்தது. 2018 ஜூலையில் ஐயத்திற்குரிய, முடக்கப்பட்ட கணக்குகளை டுவிட்டர் எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோது, புகழ்பெற்ற பலர் இலட்சக்கணக்கான பின்தொடர்வோரை இழந்தனர். ஓர் அளவீடு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்னும் கருத்து, பிரித்தானியப் பொருளியலறிஞர் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்த ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'ஏ' எண்ணிக்கையே பள்ளியின் பெருமையாகக் கருதப்பட்டபோது கற்பித்தல் எவ்வாறு குறுகியது என்பதை அவர்கள் நன்கறிவர்.

4.0 கங்காணி முறை: ஒரு பழைய சான்று

தனிமனிதரின் செல்வாக்கைப் பயன்படுத்தி மக்களை இணங்கச் செய்வதும், அதற்குத் தலைக்கணக்கில் பணம் கொடுப்பதும் பேராக் தமிழருக்குப் புதியன அல்ல. கிரியான் பகுதிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர், கரும்பு குறைந்து ரப்பர் பெருகிய காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முதன்மை வழியாகக் கங்காணி முறை அமைந்தது.

தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்வது இம்முறையாகும். முன்பின் அறியாத தரகரின் சொல்லைவிடத் தம் ஊர்க்காரரின் சொல்லை மக்கள் நம்புவர் என்பதைத் தோட்ட முதலாளிகள் உணர்ந்திருந்தனர். கங்காணிக்கு இருவகை வருவாய் இருந்தது. ஒன்று, அழைத்துவந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த தரகுப் பணம். மற்றொன்று, தம் கூட்டத்தில் அன்றாடம் வேலைக்கு வந்தோரைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு எனக் கொடுக்கப்பட்ட தொகை.

இவ்விரண்டும் இன்றைய விளம்பரத் துறையின் இருவகை அளவீடுகளை ஒத்துள்ளமை கருதத்தக்கது. முன்னது எத்தனை பேரை அடைந்தோம் என்னும் கணக்கு. பின்னது எத்தனை பேர் உண்மையில் செயற்பட்டனர் என்னும் கணக்கு. தலைக்கணக்கில் தரகு கிடைத்தமையால், தோட்ட வாழ்வின் துன்பங்களை மறைத்து நன்மைகளை மிகைப்படுத்திக் கூறிய கங்காணிகள் பலர் இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்ததும் இம்முறை முடிவுற்றது.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. கங்காணியின் சொல்லை நம்பியவர் தம் வாழ்வையே பணயம் வைத்தார்; விளம்பரத்தை நம்புபவர் பெரும்பாலும் சில ரிங்கிட்டையே இழப்பார். எனினும், செல்வாக்கின் வேர் நம்பிக்கை என்பதும், எண்ணிக்கைக்கு மட்டும் விலை கொடுத்தால் அந்நம்பிக்கை சிதையும் என்பதும் இரண்டிற்கும் பொதுவாம்.

5.0 பாகான் செராய்ச் சூழலில் மதிப்பெண்

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். பாகான் செராயில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தீபாவளி விற்பனைக்கு விளம்பரம் செய்ய விரும்புகிறார் எனக் கொள்வோம். கோலாலம்பூரில் உள்ள கலைஞர் ஒருவரை 200,000 பேர் பின்தொடர்கின்றனர். அவர்களுள் இருநூற்றில் ஒருவர் கிரியான் மாவட்டத்தினர் எனின், கடைக்கு வரக்கூடியவர் 1,000 பேர். பாகான் செராயிலேயே வாழும் ஒப்பனைக் கலைஞர் ஒருவரை 3,000 பேர் பின்தொடர்கின்றனர். அவர்களுள் பாதிப்பேர் உள்ளூரார் எனின், அத்தொகை 1,500 ஆகிறது. மதிப்பெண் பட்டியலில் முன்னவர் பன்மடங்கு உயர்ந்து நிற்பார். கடைக்காரருக்குப் பயன் தருபவரோ பின்னவரே. கட்டணமும் பெரும்பாலும் அவருக்கே குறைவாக இருக்கும்.

அதே ஊரில் மசாலைத்தூள் தயாரித்து நாடெங்கும் அஞ்சலில் அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொண்டால் முடிவு வேறாகும். அவருக்கு வாடிக்கையாளர் எங்கு வாழ்ந்தாலும் ஒன்றே. பரந்த அறிமுகம் அவருக்குத் தேவை. அத்தகையோர்க்கு மதிப்பெண் ஒரு தொடக்கச் சல்லடையாகப் பயன்படும்.

மொழியும் இங்குக் கருதப்பட வேண்டும். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தம்பதியர் 2020இல் 'சுகு பவித்ரா' என்னும் பெயரில் வலையொளியில் சமையல் காணொலிகளை வெளியிட்டனர். எளிய வீட்டுச் சமையலறையில், மலாய் மொழியில் விளக்கம் கூறி அமைந்த அக்காணொலிகள் சில மாதங்களிலேயே இலட்சக்கணக்கான சந்தாதாரர்களைப் பெற்றன. எல்லா இன மக்களும் அவற்றை விரும்பிப் பார்த்தனர். சமையற்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அவ்வெண்ணிக்கை முழுவதும் பயனுடையது. தமிழ் நூல் வெளியீட்டாளர் ஒருவருக்கோ அதில் ஒரு பகுதியே பயன்படும். ஏனெனில், பார்ப்போர் அனைவரும் தமிழ் வாசகர் அல்லர். ஒரே எண், வாங்குபவரைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பைப் பெறுகிறது.

இனி, எம்மதிப்பெண்ணாலும் காண முடியாத ஒரு களமும் உண்டு. வாட்ஸ்அப் எனும் புலனத்தில் இயங்கும் குடும்பக் குழு, ஆலயக் குழு, பெற்றோர் குழு, முன்னாள் தோட்டத்தாரின் குழு ஆகியவற்றில் நிகழும் பேச்சு வெளியாருக்குப் புலப்படுவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னர், ஒரே தோட்டத்தில் வளர்ந்தோரின் உறவு இத்தகைய குழுக்களில்தான் தொடர்கிறது. எந்தக் கடையில் தாலி செய்யலாம், எந்தச் சமையற்காரரை அமர்த்தலாம் என்னும் முடிவுகள் இங்கு எடுக்கப்படுகின்றன. அங்கு ஒரு சொல்லால் முடிவை மாற்றக்கூடிய மூத்த பெண்மணிக்குப் பொதுக் கணக்கே இல்லாதிருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் அவர் சுழியமாகவே நிற்பார்.

6.0 வணிகர் கொள்ளத்தக்க அளவுகோல்கள்

மேற்கூறியவற்றால், ஒருவரை விளம்பரத்திற்கு அமர்த்துமுன் வணிகர் நான்கு வினாக்களுக்கு விடை காண்பது நன்று.

முதலாவது, அவரைப் பின்தொடர்வோர் எங்கு வாழ்கின்றனர், எம்மொழியினர் என்பது. கணக்கு வைத்திருப்போர் இவ்விவரத்தைத் தம் தளத்திலேயே காணலாம். கேட்டுப் பெறுவதில் தவறில்லை. இரண்டாவது, விற்கப்படும் பொருள் குறித்து அவருடைய சொல்லுக்கு மதிப்புண்டா என்பது. நகைச்சுவையாளரின் புகழ் நகைக்கடைக்குப் பயன்படும் என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவது, அவருக்குக் கிடைக்கும் மறுமொழிகள் எத்தகையன என்பது. விலை, அளவு, முகவரி கேட்கும் பத்து மறுமொழிகள், வெறும் இதயக் குறிகள் ஆயிரத்தினும் மேலானவை. நான்காவது, விளம்பரத்தின் பின் எத்தனை பேர் வாங்கினர் என்பது. தனிக் கழிவுச் சொல் ஒன்றை அறிவித்து, அதனைக் கூறி வருவோரைக் கடைக் குறிப்பேட்டில் எழுதிவந்தாலே இது விளங்கிவிடும்.

7.0 தமிழ்ப்பள்ளிகளுக்கு இதன் பொருத்தம்

இவ்வினாக்கள் வணிகருக்கு மட்டும் உரியன அல்ல. 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்னும் முழக்கத்தோடு நடைபெறும் மாணவர் சேர்ப்பு முயற்சிகளிலும் சமூக ஊடகம் பயன்படுத்தப்படுகிறது. புகழ்பெற்ற ஒருவரின் காணொலி பெறும் விருப்பக் குறிகளை வெற்றியாகக் கருதும் போக்கும் இதனால் ஏற்படக்கூடும். 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிக்கு அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் பதிவு செய்தனர் என்பதே உண்மையான கணக்காகும். அப்பெற்றோரின் முடிவை மாற்றுபவர், அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து நிறைவடைந்த அண்டை வீட்டாராக இருக்கலாம். அவரைக் கண்டறிந்து பேசச் செய்வது குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் வழியாகும்.

8.0 முடிவுரை

செல்வாக்கு மதிப்பெண் முற்றிலும் பயனற்றதன்று. அறியாதவர் பலருள் சிலரைத் தெரிந்தெடுக்க அது உதவும். நாடு தழுவிய விற்பனை உடையோர்க்கு அதன் பயன் மிகுதி. ஆயினும், அது அளப்பது ஊடகத்தில் பதிந்த நடமாட்டத்தையே அன்றி, மக்கள் ஒருவர் சொல்லின்மீது வைக்கும் நம்பிக்கையை அன்று. பாகான் செராய் போன்ற ஊர்களில் வாங்கும் முடிவு இன்றும் அந்நம்பிக்கையின் வழியே நிகழ்கிறது. எனவே, மதிப்பெண்ணைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் கொண்டு, இடம், மொழி, பொருள், விளைவு ஆகிய நான்கையும் தாமே ஆராய்ந்து முடிவெடுப்பதே சிறு வணிகருக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் ஏற்றதாகும். வட்டார அளவில் தமிழர் எவர் சொல்லைக் கேட்டு எப்பொருளை வாங்குகின்றனர் என்பதைக் களஆய்வின்வழி தொகுப்பது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.