வினிகர் வெங்காயம்: புளிப்பின் அளவும் புகாரின் முகவரியும்

சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாகக் கைமாறும் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களில், விலை சரியும் நாட்களில் வாங்கிய வெங்காயத்தை வினிகரில் ஊறவைத்துக்கொள்வதும், அதையே பாட்டிலில் அடைத்து அக்கம்பக்கத்தில் விற்பதும் பரவிவருகின்றன. பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும் தொட்டுக்கொள்ள ஏற்ற இந்தப் பண்டத்தில் இயல்பாகவே ஆபத்து உண்டு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதைச் செய்வோரிடமும் வாங்குவோரிடமும் இரண்டு தவறுகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. வெந்நீரில் வைத்து எடுத்த பாட்டில் கெடாது என்று நம்பி, கோடை வெயிலில் கொதிக்கும் சமையலறை அலமாரியில் அதை வாரக்கணக்கில் வைத்திருப்பது ஒன்று. பண்டம் கெட்டுவிட்டது என்று தெரிந்தவுடன் பாட்டிலையும் ரசீதையும் குப்பையில் எறிந்துவிட்டு, சான்று எதுவும் கையில் இல்லாமல் புகார் கொடுக்கச் செல்வது மற்றொன்று.

வெந்நீர் முறை என்று இங்கே சொல்லப்படுவது, சூ வீட் என்ற பிரெஞ்சுப் பெயரால் அறியப்படும் சமையல் முறையாகும். ‘வெற்றிடத்தில்’ என்று பொருள்படும் இம்முறையில், காற்று நீக்கிய உறையிலோ மூடிய கண்ணாடிச் சாடியிலோ உணவை இட்டு, கொதிநிலைக்கு வெகு கீழான ஒரே சீரான சூட்டில் உள்ள நீரில் நெடுநேரம் வைத்திருப்பர். 1970-களில் பிரான்ஸ் நாட்டு உணவகங்களில் வேரூன்றிய இம்முறைக்கு இன்று வீட்டிலேயே பயன்படுத்தத்தக்க சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஆயினும் ஓர் அகலமான பாத்திரமும் சமையலறை வெப்பமானியும் அடுப்பருகே நிற்கும் பொறுமையும் இருந்தால் கருவி இன்றியும் இதைச் செய்ய முடியும்.

தோலுரித்து மெல்லியதாக நறுக்கிய சின்ன வெங்காயம் 250 கிராமுக்கு, 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் உள்ள வினிகர் 200 மில்லியும், தண்ணீர் 50 மில்லிக்கு மிகாமலும், கல்லுப்பு ஒரு தேக்கரண்டியும், சர்க்கரை இரண்டு தேக்கரண்டியும் போதுமானவை; மிளகோ சீரகமோ சேர்ப்பது அவரவர் விருப்பம். இவற்றைச் சுத்தமான கண்ணாடிச் சாடியில் நிரப்பி, வெங்காயம் முழுவதும் திரவத்தில் மூழ்கியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, மூடியை இறுக்காமல் லேசாக மட்டும் திருகி, பச்சைத் தண்ணீரில் வைத்து அதன்பின் சூட்டை ஏற்ற வேண்டும். சுடுநீரில் திடீரென்று இறக்கினால் கண்ணாடி விரிசல் விடும். நீர் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரையில் இருக்குமாறு ஒரு மணி நேரம் வைத்தால், வெங்காயத்தின் காரம் தணிந்து, அதன் செந்நிறம் புளிப்பால் பளிச்சென்று ஏறி, கடிக்கும்போது மொறுமொறுப்பும் மிஞ்சும். சூடு 85 டிகிரியைத் தாண்டினால் காயைக் கட்டி நிறுத்தும் பெக்டின் என்னும் பொருள் கரையத் தொடங்கி வெங்காயம் குழைந்துவிடும். ஆறியவுடன் மூடியை இறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களை வினிகர் அரிக்கும் என்பதால் அவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

குளிர்பதனப் பெட்டி இங்கே வசதிக்காகச் சொல்லப்படவில்லை. மண்ணில் வாழும் குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள், மண்ணுக்குள் விளையும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஒட்டி வரக்கூடியவை. சாதாரணக் கொதிநீராலும் முழுமையாக அழியாத அவ்வித்துகளை அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரிச் சூடு தேவைப்படுகிறது. ஆகவே 60 டிகிரி வெந்நீர் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. அதற்கு மாறாக, காற்றை விலக்கிய உறையும் மூடிய சாடியும் காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளரும் அந்த உயிரிக்கு வேண்டிய சூழலையே ஏற்படுத்தித் தருகின்றன. அதைத் தடுத்து நிறுத்துவது முதன்மையாகப் புளிப்புதான்; குளிர் அதன் வளர்ச்சியை மேலும் தாமதப்படுத்துகிறது. புளிப்பை அளக்கும் பி.எச். என்ற அலகில், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்த எண் 4.6-க்குக் கீழே இருக்கும் உணவில் இந்நுண்ணுயிரி வளர்ந்து நஞ்சை உண்டாக்க முடிவதில்லை. பச்சை வெங்காயமோ அந்த எல்லைக்கு மேலே, 5-ஐத் தாண்டி நிற்பது. எனவே வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவோர், சுவையை மட்டும் மாற்றவில்லை, பாதுகாப்பையும் சேர்த்துக் குறைக்கிறார்கள்.

இந்த எச்சரிக்கையை மிகையென்று தள்ளுவோர் இரண்டு நிகழ்வுகளை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் 1983-ஆம் ஆண்டு, ஓர் உணவகத்தில் மார்ஜரின் கொழுப்பில் வதக்கி இளஞ்சூட்டில் வைத்திருந்த வெங்காயத்தை உண்ட 28 பேர் இந்த நஞ்சால் தாக்குண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கனடாவின் வான்கூவர் நகரில் 1985-இல், எண்ணெயில் இட்டு அடைத்த நறுக்கிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டனர். இரண்டிலும் காற்றைத் தடுத்தது கொழுப்புதான். நம் வீடுகளில் மாங்காய் ஊறுகாயின் மேல் நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றும் வழக்கம், மாங்காயின் புளிப்பும் மிகுந்த உப்பும் துணை நிற்பதால்தான் பலிக்கிறது. அந்த வழக்கத்தை அப்படியே வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் கொண்டுசெல்வது பெருந்தவறு.

கடையில் வாங்கும் வினிகரின் சீட்டைப் படிக்காமல் வாங்குவதும் பரவலான கவனக்குறைவாகும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி வினிகரில் அசிட்டிக் அமிலம் 3.75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நொதிக்கவைத்து எடுக்காமல் அமிலத்தைக் கலந்து செய்ததாயின் அது செயற்கை வினிகர் என்பதும், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது என்பதும் சீட்டில் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். சீட்டே இல்லாத கேனில் மலிவாகக் கிடைப்பதையும், சாயத் தொழிலுக்கும் தோல் தொழிலுக்கும் விற்கப்படும் செறிந்த அமிலத்தையும் தண்ணீர் கலந்து சமையலுக்குப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். உணவுத் தரமற்ற அமிலத்தில் உலோக மாசுகள் இருக்கலாம், அளவு தவறினால் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும். கடைகளில் சாம்பார் கட்டித்தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் வினிகரையும் வெங்காயத்தையும் கட்டி வெந்நீரில் போடுவதும் கூடாது. சூட்டுக்கும் புளிப்புக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட உணவுத் தர உறை கையில் இல்லையெனில் கண்ணாடிச் சாடியே போதும்.

குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் உண்டாக்கும் நஞ்சுக்கு மணமும் சுவையும் கிடையாது. மூடி உப்பியிருத்தல், திறக்கும்போது நுரைத்துப் பொங்குதல், திரவம் கலங்கியிருத்தல் ஆகியவற்றைக் கண்டால், ‘சற்று நக்கிப் பார்க்கலாம்’ என்று எண்ணவே கூடாது. உண்டபின் பொதுவாக 12 முதல் 36 மணி நேரத்திலும், சில வேளைகளில் பல நாட்கள் கழித்தும், இமை தொங்குதல், காட்சி இரண்டாகத் தெரிதல், நாக்குழறல், விழுங்க முடியாமை ஆகியன தோன்றினால், அதை அசதி என்றோ பித்தம் என்றோ கருதிப் படுத்துவிடாமல் 108-ஐ அழைத்துத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என்ன உண்ணப்பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அது வழக்குத்தாளில் எழுதப்பட்டதா என்று பார்க்கவும் வேண்டும். அந்த ஒரு வரி சிகிச்சைக்கும் பயன்படும், பின்னர் இழப்பீட்டுக்கும் பயன்படும்.

விற்க நினைப்போருக்குச் சட்டம் வேறோர் அளவை வைத்திருக்கிறது. வினிகர் ஊறுகாய் என்ற பெயரில் விற்கப்படும் பண்டத்தில், வினிகரின் புளிப்பு அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால் 2 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, திரவத்தை வடித்தபின் காய் 60 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன வீட்டு அளவில், வெங்காயத்தின் சொந்த நீரும் கலந்தபின் புளிப்பு ஏறத்தாழ 1.7 விழுக்காட்டில் நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்ப்பதற்குப் போதுமான அந்த அளவு விற்பனைக்குப் போதாது. வீட்டுச் செய்முறையை அப்படியே பாட்டிலில் அடைத்து விற்போர், தெரிந்தோ தெரியாமலோ, தரம் குறைந்த உணவை விற்ற குற்றத்துக்கு ஆளாகிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் 31-ஆம் பிரிவின்படி, வீட்டிலிருந்தபடி விற்போரும் பதிவு பெற்றே ஆக வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு போதும் என்று வகுத்தன. வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், பதிவுக்கான ஃபாஸ்காஸ் அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்படமும் அடையாளச் சான்றும் கொண்டு தாமே செய்துவிடக்கூடிய இந்த வேலைக்கு இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். கிடைக்கும் 14 இலக்க எண்ணோடு, பொருட்பட்டியல், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், தயாரிப்பாளரின் முகவரி ஆகியன பாட்டிலில் இருக்க வேண்டும். இவை இல்லாத பாட்டிலை, தெரிந்தவர் செய்தது என்பதற்காக வாங்கக் கூடாது.

வாங்கிய பண்டம் கெட்டிருந்தால் முதற்கடமை எதையும் எறியாமல் இருப்பதே. பாட்டிலை மூடி, உறையில் இட்டு, குழந்தைகளுக்கு எட்டாதபடி குளிர்பதனப் பெட்டியில் தனியே வைத்து, சீட்டையும் தொகுதி எண்ணையும் ரசீதையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-இலோ, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100-இலோ அன்றே புகார் செய்யலாம். எனினும் தொலைபேசிப் புகாரோடு நின்றுவிடாமல், மாவட்ட நியமன அலுவலருக்கு (மாவட்ட அளவில் இச்சட்டத்தைச் செயல்படுத்தும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி) எழுத்து மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். முத்திரையிடத் தயங்கும் அலுவலகங்கள் உண்டு. அப்போது ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புவதும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து எண் பெறுவதும் வழியாகும்.

மனுவில் கேட்க வேண்டியது என்ன என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்ற பொதுவான வரி போதாது. திறந்துவிட்ட பாட்டிலைக் கொண்டு வழக்கு நிற்பது கடினம் என்பதால், அதே கடையில் அதே தொகுதி எண்ணுள்ள பிரிக்காத பாட்டில்களிலிருந்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் சட்டப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அவ்வாறு எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்படும். அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். நுகர்வோர் தாமே கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பரிசோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும் நேரத்திலேயே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உள்ளது. பண்டம் குறையுடையது என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

மனு கிடப்பில் போடப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன், மாதிரி எந்த நாளில் எடுக்கப்பட்டது, அறிக்கையின் நகல் எங்கே என்று பொதுத் தகவல் அலுவலரைக் கேட்கலாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும். உடல்நலக் கேட்டுக்கு இழப்பீடாக, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 65-ஆம் பிரிவு மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், பிற பாதிப்புக்கு 1 லட்சம் வரையிலும் வகுத்துள்ளது. தனியே, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், 15100 என்ற சட்ட உதவி எண்ணும் இதற்கு வழிகாட்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, கையில் இருக்கும் பாட்டிலும் ரசீதும் மருத்துவமனைச் சீட்டுமே. அவற்றை எறிந்துவிட்டு வருவோருக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவும் உதவ முடியாது. விற்பவர் பதிவு எண்ணைக் காட்டட்டும், வாங்குபவர் ரசீதைக் கேட்டு வாங்கட்டும், வீட்டில் செய்பவர் சாடியின் மூடியில் செய்த தேதியை எழுதிக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கட்டும்.