கம்பைலரைச் செப்பனிடுதல்

மனிதர் ஆக்கிய கருவிகளுள், பிற கருவிகளை ஆக்குதற்கென்றே அமைந்தவை சில உள. கொல்லனது சுத்தியல் அத்தகையது. அது பழுதுபடின் ஏரும் அரிவாளும் ஒருங்கே பழுதுபடும். கணிப்பொறி உலகில் அவ்விடத்தைப் பெற்று நிற்பது கம்பைலர் என்னும் நிரலாகும். பாடநூல்கள் இதனை நிரல்பெயர்ப்பி என்று வழங்கும். மாணவர் பலர் நாள்தோறும் இதனைக் கையாளுகின்றனர். ஆயினும் இதனைப் பேணுவோர் யாவர் என வினவுவார் மிகச் சிலரே. புதியதொரு கணிமொழியை இயற்றினவர் பெயரை உலகம் அறியும். பின்னர் ஆண்டுதோறும் அதனைத் துடைத்தும் திருத்தியும் வருவோர் பெயரை அது அறிவதில்லை. அப்பணியின் தன்மை யாது, அஃது எம்முறையிற் செய்யப்படுகிறது, செய்யாது விடின் நேரும் கேடு யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் கம்பைலர் இன்னதென அறிதல் வேண்டும். கணிப்பொறி அறிந்த மொழி, 0, 1 என்னும் இரு குறிகளால் ஆயது. அம்மொழியில் மனிதர் எழுதுதல் பெரிதும் இடர்ப்பாடு உடையது. ஆகவே மனிதர்க்கு எளிதாயதொரு மொழியில் எழுதி, அதனை இயந்திர மொழியாக மாற்றும் வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்புவித்தனர். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1950-களின் தொடக்கத்திலேயே இத்துறையில் முயன்றார். 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஜான் பாக்கஸ் என்பாரும் அவர் குழுவினரும் போர்ட்ரான் மொழிக்குரிய கம்பைலரை வெளியிட்டனர்.

எழுத்து, சொல், பொருள் எனப் பகுத்து மொழியை நோக்கும் மரபுடைய நமக்குக் கம்பைலரின் அமைப்பு எளிதில் விளங்கும். அது முதலில் எழுத்துக்களைப் படித்துச் சொற்களாகப் பிரிக்கும். பின்னர்ச் சொற்கள் இலக்கண முறைப்படி தொடர்ந்து நிற்கின்றனவா எனக் காணும். அதன்பின் பொருள் பொருந்துகிறதா என ஆராயும். இவற்றில் தேறிய நிரலை ஓர் இடைநிலை மொழியில் எழுதிக்கொண்டு, வீண் செயல்களை அகற்றிச் சுருக்கி, முடிவில் இயந்திரக் கட்டளைகளாக வெளியிடும்.

இத்தகைய கருவி நாளடைவில் ஏன் சீர்கெடுகிறது? இரும்பைப்போல் இதிற் துருப் பிடிப்பதில்லை. ஆனால் உலகம் மாறுகிறது. புதிய இயந்திரங்கள் தோன்றுகின்றன. மொழியிற் புதிய வசதிகள் சேர்கின்றன. ஒவ்வொன்றிற்காகவும் யாரேனும் ஒருவர் அவசரமாகச் சில வரிகளைச் சேர்க்கின்றார். ஒரே வேலையைச் செய்யும் பகுதிகள் இரண்டு மூன்று இடங்களில் அமைந்துவிடுகின்றன. ஒருவரும் அழையாத பகுதிகள் பாழ்மண்டபம்போற் கிடக்கின்றன. ஒரு பெயர் முன்னொரு காலத்திற் குறித்த பொருள் வேறாகவும், இப்போது குறிக்கும் பொருள் வேறாகவும் நிற்கிறது. இவையனைத்தும் இருப்பினும் கம்பைலர் இயங்கிக்கொண்டேயிருக்கும். ஆகவே இக்குறை வெளியார் கண்ணிற்குத் தோன்றாது. அதனைத் திருத்தப் புகுவோர்க்கே அஃது ஒரு காடு என்பது விளங்கும்.

இதில் உள்ள பேரிடர் யாதெனின், கம்பைலரில் ஒரு பிழை நேரின் அது கம்பைலரில் தோன்றாமல், பிறர் எழுதிய நிரலிற் சென்று தோன்றும் என்பதே. மருத்துவமனைக் கருவியிலோ வங்கிக் கணக்கிலோ தவறு நேர்ந்தால், அதனை எழுதினவர் தம் நிரலையே பன்முறை தேடி அலைவர். தவறு தம்மிடத்தில்லை, தாம் நம்பிய கருவியிடத்தில் உள்ளது என அறிதற்கு நெடுங்காலம் ஆகும். ஆதலின் கம்பைலரைத் தொடுவோர் மிக்க எச்சரிக்கையோடு தொடவேண்டும். தொடாமல் விடுதலும் இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே இப்பணியின் நுட்பம்.

பழையதை முற்றும் அழித்துப் புதிதாக எழுதுதல் ஒரு வழி. இயங்குவதை இயங்கவிட்டே சிறிது சிறிதாக மாற்றுதல் மற்றொரு வழி. இரண்டாவதன் இயல்பைத் தாம்பரத்தில் வாழும் நமக்கு இருப்புப்பாதையே கற்பித்திருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அப்போது பாதை மீட்டர் அகலம் உடையது. மின்சாரம் 1,500 வோல்ட்டு நேர்மின்சாரம். 1960-களில் அது 25,000 வோல்ட்டு மாறுமின்சாரம் ஆயிற்று. பின்னர் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப்பாதை வந்தது. இரு வகைப் பாதைகளும் பல ஆண்டுகள் அருகருகே கிடந்தன. 2004-ஆம் ஆண்டில் மீட்டர் பாதை மின்வண்டிகள் விடைபெற்றன. இத்தனை மாறுதலுக்கும் இடையே பல்லாவரத்தாரும் குரோம்பேட்டையாரும் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பினர். பாதையை முற்றும் மூடிவிட்டுப் புதிதாக அமைப்போம் என்றிருந்தால், ஊர் என்னாகியிருக்கும்! கம்பைலரும் அத்தகையதே, அதன்மேல் வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன.

இவ்வாறு சிறுகச் சிறுகத் திருத்துதற்குச் சில விதிகள் உள. முதலாவது, ஒரு திருத்தம் ஒரு வேலையையே செய்தல் வேண்டும். இரண்டாவது, நடத்தையை மாற்றும் திருத்தத்தையும், நடத்தை மாறாது அமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்தும் திருத்தத்தையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. எல்.எல்.வி.எம். என்னும் புகழ்பெற்ற கம்பைலர்த் தொகுதியில், பின்னதற்கு 'என்.எஃப்.சி.' என்று குறியிடுவது வழக்கம். செயலில் மாற்றமில்லை என்பது அதன் பொருள். அக்குறியைக் காண்பவர், இதனால் விடை மாறின் அது பிழையே என உடனே அறிவர். மூன்றாவது, ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் சோதனை நிரல்கள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். தன்னைத் தானே மொழிபெயர்க்கவல்ல கம்பைலர்க்கு அழகியதொரு சோதனை உண்டு. ஜி.சி.சி. என்னும் கம்பைலரை முதலிற் பழைய கம்பைலர் கொண்டு ஆக்குவர். அங்ஙனம் ஆகியதைக் கொண்டு மீண்டும் ஆக்குவர். அதனைக் கொண்டு மூன்றாம் முறையும் ஆக்குவர். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபடின் எங்கோ பிழையுண்டு.

திருத்தம் சிறிதாயிருத்தல் வேண்டும் என்பதற்குக் கணக்கே சான்று பகரும். 1,000 திருத்தங்களுக்குப் பின் ஒரு பிழை வெளிப்பட்டதாகக் கொள்வோம். நடுவிலுள்ள 500-ஆவது திருத்தத்தில் நிறுத்திச் சோதித்தால், பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும். இங்ஙனம் பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், பத்துச் சோதனைகளுக்குள் பிழையைப் புகுத்திய திருத்தம் அகப்படும். இரண்டைப் பத்து முறை பெருக்கின் 1,024 ஆதலின். அகப்பட்ட திருத்தம் 20 வரியாயின் பிழையைக் கண்டெடுத்தல் எளிது. 20,000 வரியாயின், ஊசியைக் கண்டெடுக்க வைக்கோற்போரைக் காட்டியவாறு ஆகும்.

இம்முறை எத்துணைப் பொறுமையை வேண்டும் என்பதற்கு மேற்கூறிய எல்.எல்.வி.எம். தொகுதியிலேயே ஒரு சான்று உண்டு. சி, ரஸ்ட், சுவிஃப்ட் முதலிய மொழிகளின் கம்பைலர்கள் இதன்மேல் நிற்கின்றன. இதன் இடைநிலை மொழியில், நினைவகத்தின் ஓரிடத்தைச் சுட்டும் ஒவ்வொரு முகவரியும் அங்குள்ள பொருளின் வகையையும் உடன் சுமந்து நின்றது. அஞ்சலுறையில் வீட்டெண்ணோடு அவ்வீட்டார் செய்யும் தொழிலையும் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டாற்போல இருந்தது அவ்வழக்கம். தொழில் மாறுந்தோறும் வீணாக உறையை மாற்ற நேர்ந்தது. முகவரி முகவரியாக மட்டும் இருத்தல் போதும் என 2015-ஆம் ஆண்டையொட்டித் துணிந்தனர். ஆயினும் அவ்வழக்கம் எண்ணிறந்த இடங்களில் வேரூன்றியிருந்தமையால், பழையதும் புதியதும் உடனிருக்க வழிசெய்து, பகுதி பகுதியாக மாற்றிவந்தனர். 2022-இல் வெளியான 15-ஆம் பதிப்பிற் புதியது இயல்பான வழக்காயிற்று. 2023-இல் வெளியான 17-ஆம் பதிப்பிற் பழையது நீக்கப்பட்டது. ஒரு வழக்கத்தை ஒழிக்க ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆயின.

கோ என்னும் மொழியின் வரலாறு வேறொரு பாடம் புகட்டும். அதன் கம்பைலர் முதலிற் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான 1.5 பதிப்பில் அதனைக் கோ மொழிக்கே மாற்றினர். மீண்டும் புதிதாக எழுதாமல், இதற்கென ஒரு கருவியைச் செய்து, வரிக்கு வரி இயந்திர முறையிற் பெயர்த்தனர். விடை மாறாதிருத்தலே முதல் நோக்கம். அங்ஙனம் பெயர்த்தது செம்மையான கோ நடையில் அமையாமையால், நிரல்களை ஆக்கும் நேரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. இதனை அப்பதிப்பின் குறிப்பிலேயே வெளிப்படையாகக் கூறினர். பின்னர் ஒவ்வொரு பகுதியாகச் செப்பனிட்டனர். கட்டளைகளை ஆக்கும் இறுதிப் பகுதியைப் புதுமுறையில் அமைத்தபோதும், 2016-இல் 1.7 பதிப்பில் ஒருவகை இயந்திரத்திற்கு மட்டும் அதனை வழங்கி, அதிற் தேறிய பின்னரே 2017-இல் 1.8 பதிப்பில் ஏனைய இயந்திரங்களுக்கும் விரித்தனர். முதலிற் சரியாயிருத்தல், அடுத்து ஒழுங்காயிருத்தல், அதன்பின் விரைவாயிருத்தல் என்னும் வரிசை இதிற் காணத்தக்கது.

இவை பெருநாடுகளின் பெருமுயற்சிகள். நம் மொழியில் இத்தகையது உண்டோ எனின், உண்டு. முத்தையா அண்ணாமலை என்பார் 2007-ஆம் ஆண்டிற் தொடங்கி இயற்றிய 'எழில்' என்னும் கணிமொழி, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத வழிசெய்தது. 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பன அதன் கட்டளைச் சொற்கள். நிரலை முழுதும் பெயர்த்து வைக்காமல் அவ்வப்போது படித்து நிறைவேற்றும் இன்டர்பிரெட்டர் வகையைச் சார்ந்தது அது. எனினும் எழுத்தைச் சொல்லாக்கி, சொல்லைத் தொடராக்கி ஆராயும் முற்பகுதி கம்பைலர்க்கும் அதற்கும் பொதுவே.

தமிழைக் கையாளும் இத்தகைய கருவியில் எழும் இடர்ப்பாடுகள் ஆங்கிலத்தார் அறியாதவை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து; யூனிகோடு முறையிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள்; யு.டி.எஃப்-8 முறையிற் சேமித்தால் 15 பைட்டுகள். 'கொடி' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ வேறு வேறு. இதனை முதலிலேயே ஒருமைப்படுத்தாவிடில், மாணவன் தான் வைத்த பெயரைத் தானே எழுதியும், அப்படியொரு பெயர் இல்லையென்னும் விடையைப் பெற்று மயங்குவான். எழுத்தாளும் இத்தகைய பகுதிகள் எழிலினின்று தனியே பிரிக்கப்பட்டு 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் நூலகமாக வளர்ந்தன. செப்பனிடுதலின் பயன் இதுவே: ஓரிடத்திற் கலந்து கிடந்ததைப் பிரித்து வைத்தமையால், வேறு தமிழ்க் கருவிகள் செய்வோரும் அதனை எடுத்தாள முடிந்தது.

செப்பனிடாது விட்டால் நேரும் கேட்டையும் இங்கே கூறுதல் வேண்டும். எழில் பைத்தன் மொழியில் எழுதப்பட்டது. அப்பைத்தனின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. எழுத்துத் தொடர்களைக் கையாளும் முறையே அதில் மாறிற்று. இரண்டாம் பதிப்பைப் பேணுதல் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் சிறிது சிறிதாக மாறிய நிரல்கள் பிழைத்தன. மாறாதவை, தம்பால் ஒரு பிழையும் இல்லாதிருந்தும், நிற்கும் நிலத்தை இழந்தன. ஆங்கிலத்திற் செய்யப்பட்ட கருவி ஒன்று மறையின் அவ்விடத்தை நிரப்ப நூறு உண்டு. தமிழில் உள்ளவையோ விரல்விட்டு எண்ணத்தக்கன. ஒன்று மறையின், ஆங்கிலம் தடையாக நிற்கும் ஒரு சிறுவன் கணிதமுறைச் சிந்தனையைத் தன் மொழியிற் பயில இருந்த கதவு ஒன்று அடைபடும். அதனைத் திறந்து வைத்திருப்பது புதுமை புனைவோர் மட்டுமன்று. ஓசையின்றித் திருத்துவோரும் ஆவர்.

நம் மாணவருட் பலர் நாளை தரமணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நிரல் எழுதும் தொழிலை மேற்கொள்வர். பிறர் எழுதிய நிரலைப் படித்தறியும் ஆற்றல் அங்கே பெரிதும் வேண்டப்படும். அதனைப் பயில, மூலம் திறந்து வைக்கப்பட்ட ஒரு கம்பைலரைக் காட்டிலும் சிறந்த பள்ளி இல்லை. முதல்நாளே பெரியதொன்றைச் செய்ய விரும்புதல் வேண்டா. விளங்காத பிழைச்செய்தி ஒன்றைத் தெளிவாக்குக. சோதனை இல்லாத பகுதிக்கு ஒரு சோதனை எழுதுக. பொருள் மாறிய பெயர் ஒன்றைத் திருத்துக. அழைப்பாரற்ற பத்து வரிகளை, அழைப்பாரில்லை என உறுதிசெய்துகொண்டு நீக்குக. ஒவ்வொன்றையும் தனித்தனித் திருத்தமாக அனுப்புக. மூத்தோர் கூறும் குறைகளைப் பொறுமையோடு ஏற்று மீண்டும் அனுப்புக. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. கம்பைலரோ அம்மியினும் எளிதில் நகரும். ஆனால் ஓர் அடி கூடத் தவறாது அடித்தல் வேண்டும்.