காத்திருக்கும் கைகளும் மரக்கப்பல்களும்

மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும் இந்த இங்கிலாந்துக் குளிர்காலத்தில், எமது குடியிருப்பின் மேல்மாடி அறையொன்றில் மட்டும் நள்ளிரவு வரை விளக்கு எரிவதைச் சில மாதங்களாக நாம் அவதானித்து வந்தோம். அங்கு வசிப்பவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த அன்பர் ஒருவர். தமது அகதி விண்ணப்பத்துக்கான முடிவை எதிர்பார்த்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்பவர். வேலை செய்ய அனுமதி கிடையாது. முடிவின்றி ஆறு மாதம் கழிந்தவர்கள் வேலை அனுமதி கேட்கலாம் என்று இந்நாட்டில் முன்பிருந்த சலுகை 2002ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டுவிட்டதை வாசகர்கள் அறிவர்.

ஒருநாள் கதவைத் தட்டினோம். உள்ளே, சாப்பாட்டு மேசை முழுவதும் மரச்சிம்புகள். நடுவில், சதை கழன்ற மீன்முள்ளைப் போல, இரண்டு சாண் நீளத்தில் ஒரு கப்பலின் எலும்புக்கூடு.

"வாங்கோ சேர். பார்த்து இருங்கோ, கதிரையிலை பசை கிடக்குது" என்றார்.

பழைய பொருட்கள் விற்கும் தருமக் கடையொன்றில், யாரோ தொடங்கிக் கைவிட்ட மாதிரிக் கப்பற் பெட்டியொன்று ஐந்து பவுணுக்குக் கிடைத்ததாம். துண்டுகள் சில குறைவு. செய்முறை நூலோ இத்தாலிய மொழியில். அதனால் என்ன? அவருடைய பாட்டனார் கடற்கரையில் தோணி கட்டியவர். "ஏரா எது, வங்கு எது எண்டு எனக்கு இத்தாலியன் சொல்லித்தர வேணுமே?" என்று சிரித்தார். கப்பலின் அடிமுதுகாக ஓடும் நெடுங்கட்டையே ஏரா. அதிலிருந்து இருபுறமும் எழும் விலாச்சட்டங்களே வங்கு. பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காகத் தமிழ் கற்பித்த எமக்கு இவ்விரு சொற்களையும் அகராதியில் கண்ட நினைவு மட்டுமே இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணியிருந்தோம். அருகிருந்து பார்த்தபோதுதான் இதன் கடுமை விளங்கியது. பெட்டியில் வருபவை வெட்டிய சட்டங்களும், ஐந்து மில்லிமீற்றர் அகலமான மெல்லிய பலகைக் கீற்றுகளும், நூலும், சிறு உலோகத் துண்டுகளுமே. சட்டங்களை ஏராவில் நேராக நிறுத்துவது முதல் வேலை. அதில் ஒரு நூலளவு பிசகினாலும் கப்பல் முழுவதும் கோணும். அடுத்து வருவது பலகை அடித்தல். கீற்றை நீரில் ஊறவைத்து, சூடு காட்டி, சட்டத்தின் வளைவுக்கு மெல்ல இணக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்று ஒட்டினால் மறுபக்கத்திலும் உடனே ஒன்று ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மூடிக்கொண்டு போனால் ஏரா முறுகிவிடும்.

புதியவர்கள் எல்லோரும் தவறும் இடம் ஒன்றுண்டு. கப்பலின் நடுவயிறு அகன்றது. அணியம், அதாவது முன்முனை, ஒடுங்கியது. ஒரே அகலமான பலகைகளை அப்படியே ஒட்டிச் சென்றால் முன்முனையில் இடம் போதாமல் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எனவே ஒவ்வொரு பலகையையும் முனையை நோக்கிப் பாதி அகலம் வரை சீவியெடுக்க வேண்டும். பின்புறத்திலோ இதற்கு மாறாக இடைவெளி விழும். ஆப்புப் போன்ற துண்டுகளைச் செருகி அதனை நிரப்புவர். நம் அன்பர் முதல் ஆறு பலகைகளைச் சீவாமல் ஒட்டிவிட்டு, பின்னர் அவை அனைத்தையும் கழற்றியிருக்கின்றார். அந்த ஆறையும் எறியவில்லை, யன்னலோரத்தில் வைத்திருக்கின்றார்.

இங்குள்ள முதியவர்கள் பலருக்கும் இது ஓய்வுகாலப் பொழுதுபோக்கு. பாய்மரக் கயிறுகளில் ஏணிப்படி போலக் குறுக்கே கட்டும் நூல் முடிச்சுகள் மட்டும் பெரிய கப்பலொன்றில் ஆயிரத்தைத் தாண்டும். கிறீன்விச்சிலுள்ள தேசியக் கடற்துறை அருங்காட்சியகத்துக்குச் சென்றால், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேயக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளைக் காணலாம். அவற்றுட் பலவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழ்ப் பலகை அடிக்காமல் வங்குகளை வெளியே தெரியவிட்டிருப்பர். அழகு கருதி நாம் நின்றோம். அன்பரோ குந்தியிருந்து அடியைப் பார்த்தார். காவலாளி இருமுறை வந்து போனார்.

ஆயினும் எம்மை அதிகம் பாதித்தது பீற்றர்பறோ நகர அருங்காட்சியகமே. அந்நகருக்கு அருகில் நோர்மன் குறொஸ் என்னுமிடத்தில் 1797 முதல் 1814 வரை போர்க்கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. போர்க்கைதிகளுக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முகாம் அது. பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தருமாக ஆயிரக்கணக்கானோர் மரக் கொட்டில்களில் அடைபட்டிருந்தனர். ஏறத்தாழ 1,770 பேர் அங்கேயே மாண்டனர். எப்போது விடுதலை என்று எவருக்கும் தெரியாது. அந்த மனிதர்கள், உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்பை வேகவைத்து, வெளுக்கவைத்து, மெல்லிய பலகைகளாக அறுத்து, உள்ளே மரத்தில் செதுக்கிய உடலின்மேல் பொருத்திப் போர்க்கப்பல்கள் செய்தனர். வரைபடம் இல்லை, கடலில் வாழ்ந்த நினைவே வரைபடம். ஆதலால் பல மாதிரிகளில் பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். வல்லுநர்கள் இதனைக் குறையாகச் சொல்கின்றனர். பூட்டிய வாயிலுக்குள் இருந்தவனின் நினைவில் பாய்மரம் உயர்ந்துபோனது எமக்கு வியப்பாக இல்லை.

செய்தவற்றை முகாம் வாயிற் சந்தையில் விற்று அவர்கள் நாலு காசு பார்த்தனர். ஆனால் வைக்கோற் பின்னல் விற்பது தடைசெய்யப்பட்டது. உள்ளூரவரின் பிழைப்பு கெடுகின்றதென்பது காரணங்களுள் ஒன்று. இதனை வாசித்துக் காட்டியபோது அன்பர் எதுவும் பேசவில்லை. தமது பெட்டியிலிருந்த கடுதாசித் துண்டை எடுத்து, அந்த எலும்புப் பலகைகளின் அகலத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மதிப்பிட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் புகைவண்டியிற்றான் தமது எண்ணத்தைச் சொன்னார். தருமக் கடைக் கப்பல் பழகுவதற்கு மட்டும். கட்ட விரும்புவது "அன்னபூரணி".

மூத்த வாசகர்களுக்கு அக்கதை தெரிந்திருக்கும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வல்வெட்டித்துறைக் கரையில் நம்மவர் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேற் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கி, தமது மனைவியின் பெயரால் "புளோறன்ஸ் சி. றொபின்சன்" எனப் பெயர் மாற்றினார். வல்வைத் தண்டையலும் மாலுமிகளும் அதனைச் சுயெஸ் கால்வாய் வழியாகச் செலுத்திச் சென்று, 1938 ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். அக்காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களைப் படம்பிடித்து வெளியிட்டன.

கப்பலின் நீளம் ஏறத்தாழ 90 அடி. ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறுக்கினால் மாதிரி இருபத்திரண்டரை அங்குலம் வரும். அன்பரின் மேசைக்குச் சரியாக அமையும். விக்ரறி போன்ற புகழ்பெற்ற கப்பல்களுக்குக் கடைகளில் பெட்டி கிடைக்கும். அன்னபூரணிக்கு அவர் தேடிய கடைகளில் அப்படி எதுவும் இல்லை. பழைய புகைப்படங்களை வைத்து, வங்கு ஒவ்வொன்றின் வளைவையும் கடுதாசியில் தாமே வரைகின்றார். ஒரு தடவை நாமும் அளவுகோல் பிடித்தோம். கை நடுங்குகின்றதென்று அதனை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

முன்பகுதியும் நடுப்பகுதியும் கடுதாசியில் முடிந்துவிட்டன. பின்புறந்தான் சிக்கல். அவர் கைக்கு எட்டிய படங்கள் யாவும் அணியத்தின் பக்கமிருந்தே எடுக்கப்பட்டவை. "குத்துமதிப்பாக் கீறலாம் சேர். ஆனா ஊரிலை ஆராவது பாத்தா, இது எங்கடை கப்பலில்லை எண்டு சொல்லிப்போடுவினம்" என்கின்றார்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வல்வைக் கப்பல்களில் சென்றவர்களின் குடும்பங்கள் உலகெங்கும் இருக்கின்றன. தாத்தாவின் பெட்டியிலோ, பழைய அல்பத்திலோ, அங்கு கட்டப்பட்ட கப்பலொன்றின் பின்புறம் தெரியும் படமோ, கைக்குறிப்போ இருக்குமானால், பிரதியொன்றை எமது பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மூலப் பிரதியை அனுப்ப வேண்டாம். அன்பர் ஏராவுக்கான கட்டையை வாங்கிவிட்டார், இன்னும் அறுக்கவில்லை.