கடன் தீராத வீட்டை வாங்கலாமா, விற்கலாமா?

ஐந்தருவிப் பக்கம் சீசன் வாடகையை நம்பி வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் உண்டு. சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தவணையோ பன்னிரண்டு மாதமும். கணக்கு உதைத்தால் வீட்டை விற்றுக் கடனை அடைக்கத்தான் பார்ப்பார்கள். பாக்கி 32 லட்சம், வீடு போகும் விலை 26 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 26-ஐ வாங்கிக்கொண்டு வீட்டை விடுவிக்க வங்கி சம்மதித்தால், அமெரிக்காவில் அதை ஷார்ட் சேல் என்பார்கள். இங்கே அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஓடிஎஸ் என்கிற ஒரே தவணைத் தீர்வின் வழியாக நடக்கிறது.

ஓடிஎஸ் கேட்பது கடன்காரரின் உரிமை அல்ல, வங்கியின் விருப்பம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே விற்பவர் முந்திக்கொள்ள வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அது வந்தபின் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது. மேனேஜர் "பார்த்துக்கலாம் சார்" என்றது சம்மதம் ஆகாது. கடிதத்தில் தொகை, கெடு, மீதி தள்ளுபடி மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் அந்த 6 லட்சம் உங்கள் தலையிலும் ஜாமீன் போட்டவர் தலையிலும் அப்படியே நிற்கும். சிபிலில் 'செட்டில்டு' என்று பதிவதையும் தவிர்க்க முடியாது. அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல்தான்.

வாங்குபவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கட்டும். எம்ஓடி என்று எல்லோரும் சொல்லும் ஆவண ஒப்படைப்புப் பதிவு அதில் தெரியும். கோர்ட் ஜப்தி இருக்கிறதா என்றும் பாருங்கள். பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், கடன் கணக்கு எண்ணைக் குறித்து வங்கி பெயரிலேயே டிடி எடுங்கள். எம்ஓடியை ரத்து செய்யும் ரசீது ஆவணம் பதிவாக வேண்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் திரும்ப வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது.

பேச்சு முறிந்தால் ஏலம். எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ மறு வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக, ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாள். தவறினால் கட்டிய பணம் போய்விடும். குறைந்தபட்ச விலைக்கு மேல் யாரும் கேட்காவிட்டால், வீட்டுக்காரரும் வங்கியும் ஒப்புக்கொண்டு குறைத்து விற்கவும் விதியில் இடமுண்டு. விளம்பரத்தில் 'உள்ளது உள்ளபடியே' என்று இருந்தால், உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா, மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று விசாரிப்பது உங்கள் பாடு. பட்டாவில் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால் வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள். விவசாய நிலத்துக்குச் சர்ஃபேசி செல்லாது.

பூட்டிக் கிடந்த வீட்டைச் சாரல் நேரத்தில் போய்ப் பாருங்கள். எந்தச் சுவரில் பாசி ஏறியிருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று அப்போதுதான் தெரியும். கிணற்றை ஏப்ரலில் பாருங்கள். கரண்ட் பாக்கி, வீட்டுத்தீர்வை ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று சம்மதக் கடிதம் வருமுன் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.