துரை வீட்டுப் பிள்ளை படித்த மலைப்பள்ளியும், நம் வீட்டுப் பிள்ளை போகும் பள்ளியும்

கூலிம் வட்டாரத்தில் நான் பிறந்து வளர்ந்த கித்தாத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. லயங்களும் இல்லை. ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால், தாமான்களில் குடியேறிவிட்ட பழைய தோட்டத்துச் சனமெல்லாம் அங்கே ஒன்றுகூடிவிடும். கடைசியாக நடந்த திருவிழாவில், அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த மாமா, இலையில் சோறு விழுமுன்னே தம் கவலையை எடுத்து வைத்துவிட்டார். மாமா என்றால் இரத்த உறவல்ல. எங்கள் லயத்தில் நான்காவது வீட்டுக்காரர். நாற்பது ஆண்டு பால்மரம் சீவியவர்.

"தம்பி, பேரனுக்கு டுபாய்ல வேலை கெடச்சிருக்கு. மூணு வருசக் கண்டிராக்கு. பொண்டாட்டி பிள்ளையோட போறான். பிள்ளைக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு. அங்க எந்தப் பள்ளிக்கூடத்துல போடுறதுன்னு என்னை வந்து கேக்குறான். நான் மூணாம் வகுப்போட நின்னவன். எனக்கு என்னா தெரியும்?"

எதிர்வரிசையில் இருந்த அத்தை உடனே குறுக்கிட்டார். "உங்களுக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும். பங்களாவுல ஆயாவா இருந்தவ நானு. சின்னத் துரையை மலைப்பள்ளிக்கு அனுப்புனப்ப பெட்டி கட்டுனதே நான்தானே?"

பந்தியில் சிரிப்பு எழுந்தது. எனக்கு மட்டும் அத்தையின் பேச்சு மனத்தில் தைத்தது. வேற்று நாட்டில் வேலை பார்ப்பவன் தன் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது நம் குடும்பங்களுக்குப் புதிய கேள்வியாக இருக்கலாம். நம் தோட்டங்களுக்கு அது பழைய கேள்வி. மேட்டுப் பங்களாவில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு நூறு ஆண்டுக்கு மேலாகிறது.

ஏழு வயதில் கப்பல்

அக்காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் பிள்ளைக்கு ஏழு எட்டு வயதானால் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். வெப்ப நாட்டுச் சீதோஷ்ணம் வெள்ளைப் பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது என்று நம்பினார்கள். அதைவிடப் பெரிய காரணம், பிள்ளை நாளைக்கு அந்நாட்டுப் பள்ளியில் சேர்ந்து தேற வேண்டும் என்பது. அதற்கு விலையாகத் தாயும் பிள்ளையும் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருந்தார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சில பள்ளிகள் தோன்றின. சிங்கப்பூரில் 1925ஆம் ஆண்டு ஆன் கிரிபித் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய மாது டங்ளின் கிளப்பில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 1934இல் கேமரன் மலையில் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றையும் திறந்தார். குளிர்ந்த மலையில் வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகளை இன்னும் சில ஆண்டுகள் பெற்றோருக்கு அருகிலேயே வைத்திருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். போருக்குப் பின் 1946இல் கோலாலம்பூரில் அலிஸ் சுமித் பள்ளி ஓர் ஆசிரியையின் வீட்டில் ஆரம்பமாயிற்று. 1948இல் அவசரகாலம் வந்தது. சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நேரம் அது. கேமரன் மலைச் சடக்கில் பிள்ளைகளை அனுப்பவே பெற்றோர் நடுங்கினர். டங்ளின் பள்ளி இருந்த மலைக் கட்டடங்களில் பின்னர் பிரிட்டிஷ் இராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி நடந்தது. இராணுவ வண்டிகள் முன்னும் பின்னும் காவல் வர, பிள்ளைகள் தாப்பாவிலிருந்து மேலே ஏறினார்கள்.

நமக்கு நெருக்கமான கதை பினாங்குக் கொடிமலைப் பள்ளியின் கதை. துரைமார் சங்கம் 1919இல் அமைந்தது. தோட்டத்தில் வேலைக்கு வரும் சின்னத் துரைகளுக்குத் தமிழ்ப் பரீட்சை வைத்த சங்கமும் அதுதான். அந்தச் சங்கம் 1955ஆம் ஆண்டு, கொடிமலையில் கிராக் ஹோட்டல் இருந்த இடத்தில், தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்காக அப்லேண்ட்ஸ் என்ற பள்ளியைத் தொடங்கியது. இரண்டாயிரம் அடிக்கு மேலே, மலை ரயிலில் ஏறிப் போக வேண்டிய பள்ளி. 1970களில் அது மலையை விட்டு இறங்கி நகருக்கு வந்தது. 2006இல் பத்து பெரிங்கிக்கு மாறியது. இன்று அது பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் அனைத்துலகப் பள்ளி.

இடையில் ஒரு வார்த்தை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. அந்தப் பள்ளி எப்படி இருந்தது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர், ஆறு வகுப்புக்கும் அவரே. தன் பிள்ளைக்குப் பள்ளி தேடியபோது மலையையே தேடிப் பிடித்த சங்கம், லயத்துப் பிள்ளைக்கு அந்த அக்கறையில் கால்வாசியைக் காட்டியிருந்தால்... சரி, அது வேறு கதை.

அத்தை கட்டிய பெட்டி

அத்தை பங்களாவில் ஆயாவாக இருந்தது 1960களில். துரைக்கு ஒரே மகன். ஆயாவிடமும் தோட்டக்காரரிடமும் வளர்ந்த பிள்ளை. நம் பிள்ளைகள் பேசும் அதே தமிழைப் பேசினான். ஏழு வயதானதும் கொடிமலைப் பள்ளிக்கு அனுப்ப முடிவாயிற்று. உள்சட்டை முதல் காலுறை வரை ஒவ்வொன்றிலும் பெயர் தைத்த துண்டுத் துணியை வைத்துத் தைக்க வேண்டும். அதை எல்லாம் அத்தைதான் செய்தார்.

"போற அன்னைக்குக் குசினி மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான். 'ஆயா நீயும் வா, ஆயா நீயும் வா'ன்னு அழுகை. தொரசானி காருக்குள்ள உக்காந்துக்கிட்டுத் திரும்பியே பாக்கல. அவங்களும் அழுதுக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க."

பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, ஆயர் ஈத்தாம் போய், மலை ரயிலில் ஏற்றி விட்டார்கள். தவணை முடிந்து விடுமுறைக்கு வந்தபோது நன்றாக வளர்ந்திருந்தான். ஓட்டம், பாட்டு, படிப்பு எல்லாவற்றிலும் சூரன். அத்தை தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அடுத்த விடுமுறையில் அத்தை பேசியதே அவனுக்குப் புரியவில்லை.

"பள்ளிக்கூடத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா ஒரு பாசை போறதுக்கு ரெண்டு தவணை போதும்."

அந்தத் துரைமார்களுக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தது என்றே நான் சொல்வேன். பிள்ளை தனக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்று பார்த்தார்கள். திரும்பிப் போகும்போது எந்த நாட்டுப் பள்ளியில் சேரப் போகிறான் என்றும் பார்த்தார்கள். கட்டடம், கௌரவம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆயாவிடம் கற்ற தமிழ் அவர்கள் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை. நமக்கு அது வீட்டுப் பேச்சு.

டுபாய்க் கணக்கு

அடுத்த ஞாயிறு மாமாவின் தாமான் வீட்டுக்குப் பேரன் வந்திருந்தான். கைத்தொலைபேசியில் பள்ளிகளின் படங்களைக் காட்டினான். நீச்சல் குளம், நாடக அரங்கம், குதிரை ஏற்றம் கூட இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

அங்கே ஒரே வகைப் பள்ளி அல்ல, பல வகை இருக்கின்றன. இங்கிலாந்துப் பாடத்திட்டப் பள்ளிகள் ஒரு வகை. இந்திய நாட்டு மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகள் இன்னொரு வகை. பொதுவாகக் கட்டணம் குறைவு, வகுப்பில் பிள்ளைகள் அதிகம். அமெரிக்கப் பாடத்திட்டமும் உண்டு. 1997இல் தொடங்கிய ஐ.பி. என்னும் அனைத்துலகத் தொடக்கக் கல்வித் திட்டமும் உண்டு. அதில் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்காமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே கணிதம், மொழி, அறிவியல் எல்லாம் சொல்லித் தருவார்கள்.

இதில் நம் பெற்றோர் தடுக்கி விழும் இடம் வயதுக் கணக்கு. நம் நாட்டில் ஏழு வயதில் முதலாம் ஆண்டு என்பது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் ஐந்து வயது நிரம்பினால் முதலாம் ஆண்டு, ஆறு நிரம்பினால் இரண்டாம் ஆண்டு. நம் பாலர் பள்ளியிலிருந்து போகும் பிள்ளை, நான்கு வயதிலிருந்தே ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்து வந்த பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்காரும். பிள்ளைக்கு மூளை இல்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். அங்கே இரண்டு ஆண்டுப் படிப்பு முன்னால் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டணம் என்று பள்ளி விளம்பரத்தில் இருப்பது முழுக் கட்டணம் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவுக் கட்டணம், முன்பணம், பஸ், சீருடை, புத்தகம், சாப்பாடு என்று வால் நீளும். பேரனின் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். 'பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வழங்கப்படும்' என்று ஒரே வரி. எதெல்லாம் அதில் அடங்கும், வேலை பாதியில் நின்றுபோனால் அந்தத் தவணைப் பணத்தை யார் கட்டுவது என்ற பேச்சே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை எழுத்தில் வாங்கு என்று சொன்னேன். சம்பளம் பேசத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதைக் கேட்க மட்டும் ஏனோ கூச்சம்.

ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். இப்படிப்பட்ட பள்ளிகளில் ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டார்தான். டுபாய்த் தனியார் பள்ளிகளைப் பற்றி அந்நாட்டுக் கல்வி ஆணையம் 2008 முதல் ஆய்வு அறிக்கைகளை வெளியிட்டு வந்திருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை ஆசிரியர்கள் மாறுகிறார்கள் என்ற கணக்கு அவற்றில் இருக்கும். நீச்சல் குளத்தின் நீளத்தை விட அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. பேரன் எடுத்துப் பார்த்தான். அவனுக்குப் பிடித்திருந்த பள்ளி ஒன்று அங்கேயே கழிந்தது. இன்னொன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் போக மட்டும் ஐம்பது நிமிடம் என்று தெரிந்ததும் அத்தையின் கையால் கழிந்தது.

திரும்பி வரும் நாள்

மூன்று ஆண்டு கழித்துப் பிள்ளை இங்கே திரும்பும்போது ஒன்பது பத்து வயது. அங்கே ஆங்கிலம் இருக்கும், கட்டாயப் பாடமாக அரபு மொழியும் இருக்கும். மலாய் மொழி இருக்காது. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேற வேண்டும். அந்த வரலாற்றையும் மலாயில்தான் எழுத வேண்டும். மூன்று ஆண்டு மலாய் எழுத்தே பாராத பிள்ளையை நான்காம் ஆண்டு வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தால், அது படும் பாட்டைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

"திரும்பி வந்தா இங்கயும் அனைத்துலகப் பள்ளியிலேயே போட்டுடலாமே?" என்றான் பேரன். போடலாம். அத்தகைய பள்ளிகளில் உள்நாட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2012இல் நீங்கிவிட்டது. ஆனால் அப்போது கட்டணம் கட்டப் போவது டுபாய் முதலாளி அல்லவே. பேரன் பேசாமல் இருந்தான்.

ஆகவே மலாய்ப் பாடநூல்களைக் கையோடு கொண்டுபோவது, நாளுக்கு அரை மணி நேரம் மருமகள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மருமகள் தேசியப் பள்ளியில் படித்தவள், மலாயில் கெட்டிக்காரி. தமிழுக்கு என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. எழுத்து, வாசிப்புக்கு ஓய்வு நாளில் வகுப்பு நடத்தும் தமிழ்ச் சங்கம் ஏதாவது அருகில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். பேச்சுக்கு நானாச்சு என்றார் அத்தை. தினமும் ராத்திரி, அங்கே சாயங்காலம் இருக்கும்போது, போனில் கூப்பிட வேண்டும். பிள்ளை பள்ளியில் என்ன நடந்தது என்று தமிழிலேயே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் பாட்டிக்குக் காது கேட்காது!

எஞ்சிய பள்ளிகள் மூன்று. எல்லாம் பகலில் படித்து மாலையில் வீடு திரும்பும் பள்ளிகள். ஒன்று இந்தியப் பாடத்திட்டம், இரண்டு இங்கிலாந்துப் பாடத்திட்டம். என் எண்ணம் இங்கிலாந்துப் பாடத்திட்டப் பள்ளிகளில் சிறியதன் பக்கம். மாமாவுக்கு இந்தியப் பள்ளி. நம் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போகும், கட்டணமும் கையைக் கடிக்காது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆங்கிலம் குறைந்த பிள்ளைக்கு என்ன உதவி, பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, தவணை நடுவில் விலகினால் முன்பணம் திரும்புமா என்று பேரன் வரிசையாக எழுதி மூன்றுக்கும் அனுப்பினான். பஸ் பற்றிய கேள்வி அத்தையினுடையது. இதை எழுதும் நாள்வரை ஒரு பள்ளியிலிருந்து மட்டும் பதில் வந்திருக்கிறது. அது மாமா சொன்ன பள்ளி.